இன்டெல் லப்டொப்புக்கு ஏஎம்டி64 கோப்பா? எந்தக் கொம்பியூட்டருக்கு எந்த பில்ட்

தங்கச்சி, விடையை முதலே சொல்லிவிடுகிறேன்: உங்கள் இன்டெல் லப்டொப்புக்கு ஏஎம்டி64 என்று போட்டிருக்கும் கோப்பையே இறக்குங்கள், அதுதான் சரியானது. ஆனால் நீங்கள் கேட்டது அந்த ஒரு லப்டொப்பைப் பற்றி மட்டும் இல்லை. உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறீர்கள், பைதன் என்ற நிரலாக்க மொழியை இறக்கப் போனால் விண்டோஸுக்கு மட்டுமே மூன்று இன்ஸ்டோலர் காட்டுகிறது, வகுப்பில் பழைய கொம்பியூட்டர்களும் கிடக்கின்றன, ஒரு பிள்ளையிடம் மேக், இன்னொரு பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய ஸ்னப்டிராகன் லப்டொப், இதில் எதற்கு எதை ஏற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் முடிப்போம், ஏனென்றால் கனபேர் இந்த இடத்திலேயே பிழையான கோப்பை எடுத்துவிடுகிறார்கள். இன்டெல் 1978 இல் 8086 என்ற சிப்பை வெளியிட்டது. அதன் வழியில் வந்த 80186, 80286, 80386 எல்லாம் 86 இலேயே முடிந்ததால் குடும்பத்துக்கே எக்ஸ்86 என்ற பெயர் நின்றுவிட்டது. 32 பிட்டுக்கு, அதாவது 32 இலக்க இரும எண்ணை ஒரே தடவையில் கையாளும் நிலைக்கு, மாறியது 1985 இல் வந்த 80386. லினக்ஸ் கோப்புகளில் இன்றைக்கும் ஐ386 என்று காண்பது அதன் மிச்சம். பிறகு 64 பிட்டுக்குப் போக வேண்டி வந்தபோது இன்டெல் பழைய குடும்பத்தை விட்டு இட்டானியம் என்ற முற்றிலும் வேறான வழியில் போனது. ஏஎம்டி அப்படிச் செய்யாமல், பழைய எக்ஸ்86 நிரல்கள் அப்படியே ஓடும்படி அதையே 64 பிட்டுக்கு நீட்டி 2003 இல் ஒப்டெரோன் சிப்பில் கொண்டுவந்தது. ஆக்கள் எடுத்தது ஏஎம்டியின் வழியைத்தான். அடுத்த ஆண்டே இன்டெலும் அதையே தன் சிப்புகளில் போடத் தொடங்கியது. அதனால்தான் ஏஎம்டி64, எக்ஸ்64, எக்ஸ்86_64 மூன்றும் ஒரே பொருள். இன்டெல் ஐ5, ஏஎம்டி ரைசன் இரண்டுக்கும் அதே கோப்பு. வெறும் எக்ஸ்86 என்று மட்டும் இருந்தால் அது 32 பிட். 86 என்பது 64 ஐ விடப் பெரிய எண்ணாச்சே, புதிதாக இருக்கும் என்று நினைத்து அதை எடுக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், வகுப்பில் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஐஏ64 என்று எங்காவது கண்டால் அது அந்த இட்டானியத்துக்கு உரியது, நமக்கு வேண்டாம்.

சரி, இனி முக்கியமான விஷயம். எந்த பில்ட், அதாவது ஒரே மென்பொருளில் எந்த வகைச் சிப்புக்கென்று ஆக்கிய கோப்பு, என்று முடிவு செய்வது லப்டொப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இல்லை, சிப்பின் வயதும் இல்லை. அந்தக் கோப்பை எது திறந்து ஓட்டப் போகிறதோ, அதனுடன் கோப்பு பொருந்த வேண்டும். பெரும்பாலும் ஓட்டப் போவது பணிசெயல் முறைமை, அதாவது உங்கள் விண்டோஸ். சில வேளை இன்னொரு நிரல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை வந்துவிடும்.

விண்டோஸில் செற்றிங்ஸைத் திறந்து, சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் இரண்டு தகவல் இருக்கிறது, வடிவாகப் பாருங்கள். முதல் பாதி பணிசெயல் முறைமை எத்தனை பிட் என்று சொல்லும், கொமாவுக்குப் பிறகு வரும் பாதி புரொசெசர் எந்த வகை என்று சொல்லும். இரண்டு பக்கமும் 64 என்றால் ஏஎம்டி64 கோப்பு. இரண்டாம் பாதியில் ஏஆர்எம் என்று வந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன். உங்கள் வகுப்பின் பழைய கொம்பியூட்டர்களில் நீங்கள் காணக்கூடியது இன்னொன்று: 32 பிட் பணிசெயல் முறைமை, எக்ஸ்64 புரொசெசர். சிப் 64 பிட், மேலே ஏற்றியிருக்கும் விண்டோஸ் 32 பிட். இரண்டு ஜிபி ரெம் இருந்த காலத்தில் கடைகளில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள், அந்த நேரத்துக்கு அதில் பிழை இல்லை. ஆனால் பிறகு ரெம்மை நாலு ஜிபி ஆக்கியிருந்தாலும் அந்த விண்டோஸ் மூன்று ஜிபி சொச்சத்தைத்தான் பாவிக்கும், அதே அபவுட் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். அந்தக் கொம்பியூட்டரில் ஏஎம்டி64 பைதன் ஏறாது. சிப்பால் முடியும் என்றாலும் விண்டோஸால் முடியாது.

அப்படிப்பட்ட கொம்பியூட்டருக்கு இரண்டு வழி. ஒன்று, 32 பிட் கோப்பையே போடுவது. பைதனில் அந்த இன்ஸ்டோலரின் பெயரில் கட்டமைப்பே, அதாவது எந்தச் சிப் குடும்பம், எத்தனை பிட் என்பதே, எழுதியிருக்காது, பதிப்பு எண்ணோடு முடிந்துவிடும். ஏஎம்டி64 என்றோ ஏஆர்எம்64 என்றோ வால் இல்லாதது 32 பிட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உயர்தரப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய லூப், ஃபங்ஷன், கோப்பு வாசிப்பது எல்லாம் 32 பிட் பைதனில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மற்றது, விண்டோஸையே 64 பிட்டுக்கு மாற்றுவது. அது அப்டேட் மாதிரி மேலால் செய்கிற வேலை இல்லை, 32 இலிருந்து 64 க்குப் போக டிஸ்க்கைச் சுத்தமாக்கிப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவையுங்கள். என் கருத்தைக் கேட்டால், நாலு ஜிபி ரெம் இருந்தால் மாற்றுங்கள், இரண்டுதான் என்றால் விண்டோஸோடு மல்லுக்கட்டாமல் இலேசான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் வந்த கடைசி விண்டோஸான 10 க்கும் பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் பக்கமும் கதவு மூடிக்கொண்டுதான் வருகிறது: உபுண்டு 2017 இலேயே 32 பிட் டெஸ்க்டொப் இமேஜை நிறுத்திவிட்டது, 2025 ஒகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டோலர் இல்லை. ஆனாலும் சிப் 64 பிட் என்றால் லினக்ஸையும் 64 பிட்டிலேயே போடலாம், ரெம் குறைவு என்பதற்காக 32 ஐத் தேடிப் போக வேண்டியதில்லை. உண்மையிலேயே 32 பிட் சிப் என்றால் டெபியன் 12 இருக்கிறது.

மறுபக்கம், 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஓடுமா என்றால், ஓடும். அதற்கென்றே உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்று இரண்டு ஃபோல்டர் இருக்கிறதே, எக்ஸ்86 என்று அடைப்புக்குள் போட்டிருப்பது அந்த 32 பிட் நிரல்கள் குடியிருக்கும் இடம். ஆகவே சந்தேகம் என்றால் 32 பிட்டைப் போடு என்று சில கடைக்காரர்கள் சொல்வது எல்லா இடத்திலும் ஓடும் என்ற அளவில் சரிதான், ஆனால் அந்தப் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. 32 பிட் நிரல் ஒன்று எட்டிப் பிடிக்கக்கூடிய நினைவகத்துக்கு நாலு ஜிபி என்ற எல்லை இருக்கிறது, விண்டோஸில் வழக்கமாக அதில் பாதிதான் கிடைக்கும். பதினாறு ஜிபி ரெம் போட்ட லப்டொப்பில் 32 பிட் எடிட்டரைப் போட்டுவிட்டு வீடியோ வெட்டும்போது நினைவகம் போதவில்லை என்று வந்தால் அதற்குக் காரணம் லப்டொப் இல்லை.

பைதனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பிள்ளைகள் பாடத்தோடு நிற்க மாட்டார்கள், செயற்கை நுண்ணறிவு செய்து பார்க்கிறேன் என்று டென்சர்ஃப்ளோ என்ற பைதன் லைப்ரரியை ஏற்றப் போவார்கள். 32 பிட் பைதனில் லைப்ரரிகளை இறக்கி ஏற்றும் பிப் கட்டளையைக் கொடுத்தால் பொருத்தமான பதிப்பு எதுவுமே கிடைக்கவில்லை என்று வரும். இணையத்தில் தேடினால் பிப்பை அப்டேட் பண்ணு, பைதனை அழித்துத் திரும்பப் போடு என்று நூறு யோசனை சொல்வார்கள். திரும்பப் போடும்போதும் அதே 32 பிட்டைத்தான் போடுவார்கள். டென்சர்ஃப்ளோவுக்கு 32 பிட் பில்ட் வெளியிடுவதே இல்லை, விஷயம் அவ்வளவுதான். எது ஏறியிருக்கிறது என்று பார்க்க பைதனைத் திறந்தவுடன் வரும் முதல் வரியைப் படியுங்கள். பதிப்பு எண், திகதி, அதன் பிறகு 64 பிட் ஏஎம்டி64 என்றோ 32 பிட் இன்டெல் என்றோ எழுதியிருக்கும். அதே வரியின் கடைசியில் வின்32 என்று வருவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், 64 பிட் பைதனிலும் அந்தச் சொல் அப்படித்தான் வரும், விண்டோஸ் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர் அது. கிட்டத்தட்ட இதே மாதிரிதான் மைஎஸ்கியூஎல்லும்: 8.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் ஏற்றும் அதன் சேர்வர் 64 பிட் மட்டும்தான், அதனால் தரவுத்தளப் பாடத்துக்கு 32 பிட் கொம்பியூட்டரில் அதை ஏற்ற மினக்கெட வேண்டாம்.

இன்னொரு நிரல் திறக்கப் போகிற கோப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை விளக்குகிறேன். எக்செலுக்குள் போடும் அட்-இன், பிரவுசருக்குள் போன பழைய பிளக்இன், கணக்கு மென்பொருள் ஒன்று அக்செஸ் தரவுத்தளத்தை வாசிக்கப் பாவிக்கும் டிரைவர், இவை தனியே ஓடுவதில்லை, இன்னொன்றின் வயிற்றுக்குள் ஏறித்தான் ஓடும். 64 பிட் நிரலுக்குள் 32 பிட் துண்டு ஏறாது, மறுவளமாகவும் ஏறாது. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் இதையே பார்த்தேன். புதுக் கொம்பியூட்டர், புது ஒஃபிஸ், பழைய கணக்கு மென்பொருள். திறந்தவுடன் ஏஸ் ஓஎல்இடிபி 12.0 புரொவைடர், அதாவது மேலே சொன்ன அக்செஸ் டிரைவர், இந்தக் கொம்பியூட்டரில் பதிவு செய்யப்படவில்லை என்று எரர். ஒஃபிஸ் 2019 இலிருந்து தானாக ஏறுவது 64 பிட், அந்த மென்பொருளோ 32 பிட், ஒஃபிஸோடு வந்த 64 பிட் டிரைவர் அதன் கண்ணுக்கே தெரியவில்லை. விண்டோஸில் பிழை இல்லை, சிப்பிலும் இல்லை. ஒஃபிஸைக் கழற்றி 32 பிட் ஒஃபிஸைப் போட்டவுடன் வேலை செய்தது. ஆகவே ஒஃபிஸ் விஷயத்தில் மட்டும் என் ஆலோசனை, 32 பிட் அட்-இன்னையோ அக்செஸ் கோப்பையோ நம்பி இருக்கும் இடத்தில் 32 பிட் ஒஃபிஸ், மற்ற எல்லா இடத்திலும் 64.

பிரின்டர், ஸ்கானர் டிரைவர்களுக்கு இந்தச் சலுகைகூட இல்லை. டிரைவர் விண்டோஸின் உள்வீட்டுக்குள் போய் உட்காருவது, அதனால் 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரேதான் வேண்டும். கொமியூனிகேஷன் கடைகளில் ஒரு மூலையில் பழைய 32 பிட் கொம்பியூட்டர் ஒன்றை இன்னும் வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள், அனேகமாக அதில் ஒரு பழைய ஸ்கானர் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் கம்பனி 64 பிட் டிரைவர் வெளியிடாமலே விட்டிருக்கும். உங்கள் வகுப்புக் கொம்பியூட்டரை 64 பிட்டுக்கு மாற்றும் முன் அதில் பூட்டியிருக்கும் பிரின்டரின் மொடல் எண்ணை எழுதிக்கொண்டு போய் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், பிறகு டிஸ்க்கில் கை வையுங்கள்.

இனி மாமா அனுப்பிய ஸ்னப்டிராகன் லப்டொப். இது எக்ஸ்86 குடும்பமே இல்லை, ஃபோன்களில் இருக்கும் ஏஆர்எம் குடும்பம். அறிவுறுத்தல் தொகுதியே, அதாவது சிப்புக்கு விளங்கும் கட்டளைகளே, வேறு, ஏஎம்டி64 நிரலின் ஒரு வரியும் அந்தச் சிப்புக்கு நேரடியாக விளங்காது. ஆனால் விண்டோஸ் 11 நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுப்பதால் ஏஎம்டி64 பைதனும் அதில் ஓடும், பிள்ளை வித்தியாசத்தைக் கவனிக்காமலும் விடலாம். இருந்தாலும் ஏஆர்எம்64 இன்ஸ்டோலர் இருக்கும்போது அதைப் போடுவதுதான் நல்லது, வேகமும் கூட, பற்றரியும் மிச்சம். ஒரு விதிவிலக்கு உண்டு: பைதனுக்குள் ஏற்ற வேண்டிய லைப்ரரி ஏதும் விண்டோஸ் ஏஆர்எம்64 க்கு இன்னும் வரவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு ஏஎம்டி64 பைதனையே போட்டு, லைப்ரரியையும் ஏஎம்டி64 இலேயே ஏற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் சரி, மொழிபெயர்ப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். டிரைவர்களுக்கு மட்டும் இந்த மொழிபெயர்ப்பு இல்லை, ஏஆர்எம்64 டிரைவர் இல்லாத பிரின்டர் அந்த லப்டொப்பில் பூட்டினால் சும்மா கிடக்கும். வெளிநாட்டிலிருந்து ஆரும் லப்டொப் அனுப்பக் கேட்டால் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

மேக் பிள்ளைக்கு வேலை சுகம். பைதனின் மேக் இன்ஸ்டோலர் இரண்டு வகைச் சிப்புக்கும் சேர்த்தே ஒரே கோப்பாக வருகிறது. மற்ற மென்பொருட்களுக்கு, அப்பிள் மெனுவில் அபவுட் திஸ் மேக் திறந்து சிப் எம்1, எம்2 என்று இருந்தால் அப்பிள் சிலிக்கன், இன்டெல் என்று இருந்தால் இன்டெல். 2020 கடைசியில்தான் எம்1 வந்தது, ஆகவே அந்த ஆண்டு மேக் என்றால் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம், இரண்டும் இருக்கிறது. இன்டெல் கோப்பை எம் சிப்பில் போட்டால் ரொசெட்டா என்ற அப்பிளின் நிரல் மொழிபெயர்த்து ஓட்டும், எம் சிப்புக்கான கோப்பு இன்டெல் மேக்கில் ஓடவே ஓடாது.

இவ்வளவும் சரியாகப் பார்த்து, 64 பிட் சிப், 64 பிட் விண்டோஸ், 64 பிட் கோப்பு என்று எல்லாம் பொருந்தியும் நிரல் திறந்த உடனேயே விழுந்துவிடும் ஒரு வகை இருக்கிறது, இதைப் பலர் எழுதுவதில்லை. எக்ஸ்86_64 என்பது 2003 இல் இருந்தபடியே இன்றைக்கும் நிற்கவில்லை. எஸ்எஸ்இ4.2, 2011 இல் ஏவிஎக்ஸ், 2013 இல் ஏவிஎக்ஸ்2 என்று அறிவுறுத்தல்கள் கூடிக்கொண்டே வந்தன. புதிய பில்ட்கள் சில இவை இருக்கும் என்று நம்பியே தயாரிக்கப்படுகின்றன. டென்சர்ஃப்ளோவின் வழக்கமான பில்டுக்கு ஏவிஎக்ஸ் வேண்டும், மொங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளின் 5.0 உக்கும் வேண்டும், விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 இல்லாத கோர் 2 டியோவில் பூட் ஆகவே மாட்டாது. இதில் பிடிபடாமல் போவது மலிவான செலரோன் லப்டொப்கள்தான். செலரோன் என்4020 வயதால் புதியது, ஆனால் அதில் ஏவிஎக்ஸ் இல்லை, பத்து வருஷம் பழைய ஐ5 இல் இருக்கிறது. பிள்ளை புது லப்டொப்பில் ஓடாதது பழைய லப்டொப்பில் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் விடை அதுதான். லினக்ஸில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று ஒரே வரியில் செத்துப் போகும். விண்டோஸில் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்ற பெட்டிக்குள் எது எது இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒரே மென்பொருளுக்கு ஏவிஎக்ஸ்2 பில்ட் என்றும் சாதாரண பில்ட் என்றும் இரண்டு கொடுத்திருந்தால், அந்தப் பெட்டியில் ஏவிஎக்ஸ்2 இருந்தால் மட்டும் முதலாவது. இல்லாவிட்டால் சாதாரணமே போதும்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டரை வைத்து ப்ரொஜெக்ட் செய்யும் பிள்ளைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பை 4 இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் 2023 இலிருந்து ஓஎஸ்ஸின் உள்மையமான கேர்னல் மட்டும் 64 பிட்டாக பூட் ஆகிறது. அதனால் கேர்னலிடம் கேட்டால் 64 என்று சொல்லும், அதை நம்பி 64 பிட் பொதியை இறக்கினால் ஏறாது. பொதிகளைக் கையாளும் டிபிகேஜியிடம் கட்டமைப்பைக் கேட்க வேண்டும். ஏஆர்எம்64 என்று சொன்னால் 64, ஏஆர்எம்எச்எஃப் என்று சொன்னால் 32. ஓட்டப் போவது எதுவோ அதைக் கேள் என்று சொன்னேனே, இங்கேயும் அதே. ஃபோனில் பிளே ஸ்டோர் தானே பொருத்தமானதை எடுத்துத் தரும், வெளியிலிருந்து ஏபிகே என்ற ஆப் கோப்பை இறக்கினால்தான் கவனம்: வி8ஏ என்று முடிவது 64 பிட், வி7ஏ என்று முடிவது 32. மலிவான ஃபோன்கள் சிலவற்றில் சிப் 64 பிட்டாக இருந்தும் அண்ட்ரொய்ட் 32 பிட்டாக இருக்கும், அங்கே வி7ஏதான் ஏறும்.

எல்லாவற்றுக்கும் கட்டமைப்பு பார்க்க வேண்டும் என்றும் இல்லை. பாமினி எழுத்துரு 32 பிட்டுக்கு வேறு 64 பிட்டுக்கு வேறா என்று ஆசிரியர்களே கேட்பதுண்டு. எழுத்துரு, பிடிஎஃப், படம், பிள்ளைகள் எழுதும் பைதன் நிரல், இவை வெறும் தரவு, எந்தச் சிப்பிலும் ஒன்றுதான்.

உங்கள் வகுப்புக்கு நான் செய்யச் சொல்வது இது. இரவு டேட்டாவில் பைதன் இன்ஸ்டோலர்களை ஒரு தடவை இறக்கி பென்டிரைவில் 32, 64, ஏஆர்எம், மேக் என்று தமிழில் பெயர் போட்ட ஃபோல்டர்களில் வையுங்கள். இறக்கிய கோப்பின் அளவைத் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் லைன் அறுந்து பாதியில் நின்ற கோப்பைத் திறந்தாலும் இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது என்ற அதே அறிவிப்புத்தான் வரும், கட்டமைப்புப் பிழை என்று நினைத்து ஏமாந்துவிடுவீர்கள். பழைய கொம்பியூட்டர்களில் விண்டோஸ் 7 இருந்தால் பைதன் 3.8 தான் கடைசி, அதற்கு மேல் ஏறாது, அந்த ஃபோல்டரில் 3.8 ஐயும் போட்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு கொம்பியூட்டரின் சிஸ்டம் டைப் வரியையும் ஒரு கடதாசியில் எழுதி மொனிட்டரின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எதிலாவது அந்த வரி நான் சொன்ன மாதிரி இல்லாமல் வேறு மாதிரி வந்தால், அப்படியே ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.